முழங்காலுக்கு மேலே மட்டும்

பஸ்ஸில் பிரேக்கை மிதிப்பது வலது கால். எனக்குப் போனது வலது முழங்கால். இந்த இரண்டு வரியோடு என் கதை முடிந்திருக்க வேண்டும். யாராவது ஒரு டாக்டர் தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, "போய் வண்டியை எடு" என்று சொல்லியிருந்தால் நான் இப்படி உட்கார்ந்து உங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருக்க மாட்டேன். நடுவில் மூட்டு நல மையம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன். அதுவும் எந்தக் காலை!

முதலிலிருந்தே சொல்கிறேன். சந்தைத் தெரு முனையில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ரோட்டில் இறங்கினாள். பார்த்துவிட்டேன். காலும் பிரேக்குக்குப் போய்விட்டது. அழுத்து என்கிறேன், முழங்கால் மாட்டேன் என்கிறது. உள்ளே யாரோ ஆணி வைத்து அடித்த மாதிரி வலி. இடது காலையும் தூக்கிப் போட்டு மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்த பிறகுதான் வண்டி நின்றது. குழந்தை வண்டிக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு கை நுழையும், அவ்வளவுதான். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "நல்லவேளை, கரெக்டா நிறுத்தினீங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே டிப்போ மேலாளரிடம் போய், இந்தக் காலை வைத்துக்கொண்டு வண்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை, ஆள் பற்றாக்குறையில் நொந்துபோனவர். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள காலைச் சரி பண்ணிட்டு வா. இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன், அப்புறம் என்கிட்ட அழக் கூடாது" என்றார். அதுவரைக்கும் டயர் கிடங்கில் ஒரு நாற்காலி கொடுத்தார்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "குருத்தெலும்பு தேஞ்சுபோய் எலும்பும் எலும்பும் உரசுதுங்க. எடையும் ஜாஸ்தி. உடம்புல ஒரு கிலோ கூடினா, நடக்கும்போது முட்டி மேல நாலு கிலோ கூடின மாதிரி. அது மட்டுமில்ல, கொழுப்பு சும்மா உக்காந்திருக்காது. அதுலேருந்து வர்ற சில சங்கதிங்க மூட்டை வீங்க வைக்கும். கொஞ்சம் எடையைக் குறைங்க, தொடைக்குப் பயிற்சி பண்ணுங்க, ஆபரேஷன் நல்லபடியா முடியும்" என்றார். இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நான் குண்டுதான். உட்கார்ந்த வேலை, நேரங்கெட்ட சாப்பாடு, ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு டீயும் பன்னும் என்று வளர்த்த உடம்பு. குறைத்துவிடுகிறேன் என்று தலையாட்டினேன். அப்போது அவர் ஒன்று சொன்னார். "ஆபரேஷனுக்கு மூட்டு நல மையத்தோட அனுமதி வேணும். போய் எடை பாத்துட்டு வந்துடுங்க. ஒரு சம்பிரதாயம்தான்."

சம்பிரதாயமாம்.

மூட்டு நல மையம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். மீதியை நடந்துதான் ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கான கட்டடத்தை மேட்டு உச்சியில் கட்டிய புண்ணியவான் யார் என்று ஏறும்போதெல்லாம் யோசித்தேன். மையத் தலைவரின் படம் வாசலிலேயே மாட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

எடைப் பிரிவு மேல் மாடியில். படிக்கட்டுச் சுவரெல்லாம் 'எடையே வினை, எடையே பகை' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு லிப்டும் இருந்தது. கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள். அதன்மேல் 'குணமடைந்தோருக்கு மட்டும்' என்று பலகை.

"குணமானவங்களுக்கு எதுக்குங்க லிப்ட்?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"அவங்க படியேறி மறுபடியும் மூட்டைக் கெடுத்துக்கக் கூடாது இல்ல?" என்றார். என் வயதில் இவ்வளவு விளங்காமல் இருக்கிறேனே என்று அவருக்கு வருத்தம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது. எடை அலுவலர் அம்மாள் மடிப்புக் கலையாத சேலையில் உட்கார்ந்திருந்தார். அன்பான முகம். அந்த முகத்தை அவர் அன்று முழுக்க நிமிர்த்தவே இல்லை. நான் பேண்ட்டை மடித்துவிட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி பொம்மென்று இருந்த முட்டியை நீட்டினேன்.

"ஐயய்யோ, இறக்குங்க, இறக்குங்க" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். "முழங்கால் எங்க பிரிவு இல்ல. முழங்காலுக்கு மேல என்ன இருக்கோ அது மட்டும்தான் எங்க பொறுப்பு."

"அப்ப முழங்காலை யாரு பாப்பாங்க?"

"அறுவைப் பிரிவு. எடை சரியானதும் அங்க அனுப்புவோம்."

"இதுவரைக்கும் எத்தனை பேரை அனுப்பியிருக்கீங்க?"

"இதுவரைக்கும் தேவைப்படல" என்றார் அன்பாக.

எனக்காக ஒரு கோப்பு திறந்து கையில் கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு தாள். எடைக்கருவியில் ஏறுமுன் அதை மேஜைமேல் வைக்கப் போனேன். "கீழ வைக்காதீங்க. அது மையத்தோட சொத்து. நோயாளி கையை விட்டுப் போகக் கூடாது" என்றார். கோப்போடு ஏறினேன். எடை பார்த்தார். அளவுக்கு மேலே இருந்தேன். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொன்னார். நியாயமான அளவுதான். சரி, ஆகட்டும் என்று இறங்கினேன்.

எனக்கு அடுத்து நின்றவர் ஒரு கடிகாரம் ரிப்பேர் செய்பவர். குச்சி மாதிரி உடம்பு, காற்றடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். கை விரல்கள் மட்டும் கணுக்கணுவாக வீங்கிக் கோணியிருந்தன. காலையில் எழுந்தால் விரலை மடக்கவே வெகுநேரமாகுமாம். திருகாணி பிடிக்க முடியவில்லை என்று வந்திருந்தார். இது வேறு வகை வாதம், மருந்து வேண்டும் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் நீட்டினார்.

அம்மாள் அவரையும் எடை பார்த்தார். முள் அசைவதற்கே யோசித்தது.

"நீங்க எடையைக் குறைக்கணும்" என்றார்.

"எங்கேருந்து மேடம் குறைக்கறது?"

"இங்க வர்ற எல்லாருமே எடை கூடினவங்கதான். இல்லன்னா இங்க ஏன் வரப் போறீங்க?" என்றார். பிறகு கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆனா எடைக் குறைப்புத் திட்டத்துல சேர ஒரு குறைந்தபட்ச எடை வேணும். உங்களுக்கு அது இல்ல. முதல்ல எடையைக் கூட்டிட்டு வாங்க, திட்டத்துல சேத்துக்கறோம், அப்புறம் குறைச்சிடலாம். குறைஞ்சதும் மருந்து" என்றார்.

கடிகாரக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வேறென்ன செய்ய?

வீட்டில் என் மனைவி விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே பத்துப் பெண்களை மேய்க்கிறவளுக்கு நான் எம்மாத்திரம்? டீயில் சர்க்கரை போயிற்று. பன் போயிற்று. எண்ணெய்ப் பலகாரம் போயிற்று. தட்டில் காய்கறி மலையாகக் குவிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி மடக்கச் சொன்னாள். "எனக்குப் பசிக்குதுடி" என்றால், "பசிக்கட்டும். பஸ்ஸுல போற பிள்ளைங்க உசிரோட இருக்கட்டும்" என்பாள். அதற்குமேல் வாய் திறக்க முடியுமா?

சும்மா சொல்லக் கூடாது, குறைந்தேன். அவள் என் பேண்ட் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள், மறுபடியும் பிடித்துத் தைத்தாள். நாற்காலியிலிருந்து எழும்போது 'அம்மா' என்று கத்துவது முனகலாகக் குறைந்தது. டாக்டர் சொன்னது சரிதான், முட்டிக்குக் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது. ஆனால் பிரேக்? கிடங்கு ஓரமாக நின்ற பழைய வண்டியில் ஏறி மிதித்துப் பார்த்தேன். எங்கள் டிப்போ வண்டிகளுக்கு மிதி கொஞ்சம் கடினம். பாதி வரை போனதும் அதே ஆணி, அதே சுத்தியல். தேய்ந்த எலும்பு தேய்ந்ததுதானே, பட்டினி கிடந்தால் அது முளைத்துவிடுமா? மூட்டை மாற்றினால்தான் உண்டு.

அடுத்த முறை மையத்துக்குப் போனேன். கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எடைக்கருவியில் ஏறினேன்.

"கூடியிருக்கீங்க" என்றார் அம்மாள்.

"என்னது? பேண்ட்டைப் பாருங்க மேடம், பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சு முன் பாக்கெட் பின்னாடி போயிடுச்சு."

"நான் பேண்ட்டைப் பாக்கறதில்ல."

அப்போதுதான் கோப்பைப் பார்த்தேன். ஒரு தாளோடு தொடங்கியது இப்போது செங்கல் மாதிரி இருந்தது. இடையில் ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டுச் செருகியவை: உணவுப் பிரிவின் அறிவுரை, நடைப் பிரிவின் அறிவுரை, நடந்ததற்கான உறுதிமொழி, மனநிலைப் பிரிவின் கேள்வித்தாள், எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கு ஒரு முகப்புத் தாள். நான் குறையக் குறைய அது பெருத்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருக்கும்போது அதற்கும் மூன்று வேளை போட்டிருக்கிறார்களோ என்னவோ.

"மேடம், இந்தக் கட்டை இறக்கி வெச்சிட்டு எடை பாருங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"அது உங்களைப் பத்தின கோப்புதானே?"

"ஆமா."

"அப்ப அதுவும் உங்க எடைதான்" என்றார். பிறகு என்மேல் இரக்கப்பட்டு, "ஆட்சேபணை இருந்தா மனு எழுதிக் கொடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கோப்பின் எடையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தாழ்மையுடன் வேண்டிக்கொண்டேன். அம்மாள் அதை வாங்கி, முத்திரை குத்தி, நகல்கள் எடுத்து, எல்லாவற்றையும் என் கோப்பிலேயே சேர்த்துக் கட்டினார். அடுத்த முறை இன்னும் கூடியிருந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தப் பூதத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நான் மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் கடிகாரக்காரர் கொழுக்க ஆரம்பித்திருந்தார். ரொட்டியும் வெண்ணெயுமாக அவருக்கு உணவுப் பிரிவு பட்டியல் கொடுத்திருந்தது. கன்னம் உப்பி, சட்டைப் பொத்தான் தெறித்து, ஆள் அடையாளமே தெரியவில்லை. விரல்கள் முன்னைவிட மோசம். இப்போது டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கித்தான் தண்ணீர் குடித்தார். "திட்டத்துல சேத்துட்டாங்க" என்றார் என்னிடம். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்தக் கன்னத்தில் தெரியவில்லை. "இப்ப முட்டியும் வலிக்குது. ரொம்ப நல்ல முன்னேற்றம்னு சொன்னாங்க." படுபாவிகள்!

டிப்போ மேலாளர் டயர் கிடங்குப் பக்கம் அடிக்கடி வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள், அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பிறகு ஒரு நாள் நடந்தது அந்த அதிசயம். கோப்பு இனிமேல் கட்ட முடியாத அளவுக்கு வந்துவிட்டதால், முதல் பாகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டாம் பாகம் என்று புதிதாக ஒரு தாளோடு என் கையில் கொடுத்தார்கள். எடைக்கருவியில் ஏறினேன். அம்மாள் முதல் முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே வாரத்துலயா?" என்றார். குரல் நடுங்கியது.

"மேடம், அது அந்தக் கோப்பு..." என்றேன்.

யார் கேட்டார்கள்? மணி அடித்தார். ஆட்கள் ஓடி வந்தார்கள். என்னை லிப்டில் ஏற்றினார்கள். மையத்தின் வரலாற்றில் அந்த லிப்ட் ஓடியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன், அவ்வளவு முனகியது.

தலைவர் தம் அறையில் எழுந்து நின்று கைகொடுத்தார். எதிரே நின்றது நான் ஒருத்தன்தான், ஆனால் அவர் எப்போதும் மேடையில் நிற்கிற மாதிரிதான் பேசுவார்.

"நண்பரே! எடை என்பது மூலம், மூட்டு வலி என்பது விளைவு. மூலம் அழிந்தது. எனவே விளைவும் அழிந்தது. தாங்கள் குணமடைந்துவிட்டீர்கள்."

"சந்தோஷம் சார். எடை சரியாயிடுச்சு, ஆபரேஷனுக்கு அனுப்புங்க."

"அறுவையா?" அவர் முகம் சுருங்கியது. "குணமடைந்தவருக்கு எதற்கு அறுவை? எடை கூடியவருக்கு அறுவை செய்ய இயலாது, ஆபத்து. எடை குறைந்தவருக்கு அறுவை தேவையில்லை, வீண். இந்த ஒரே கொள்கையால் நம் மையம் இதுநாள்வரை ஓர் அறுவைகூடச் செய்யாமல், ஒரு தோல்வியைக்கூடச் சந்திக்காமல் தலை நிமிர்ந்து நிற்கிறது!"

"சார், முட்டி இன்னும் வலிக்குது. ஒரு தடவை பாருங்க" என்று பேண்ட்டை மடித்தேன்.

"வேண்டாம், வேண்டாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "முழங்காலைப் பார்த்துப் பழகினால் தனிமனிதர்மேல் பரிவு வந்துவிடும். பிறகு பொதுநலனை யார் பார்ப்பது?"

குணமடைந்த சான்றிதழ் எனக்கு முன்னால் டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கூடவே ஒரு கடிதம். மையத்தின் வெற்றி விழா நகர மண்டபத்தில் நடக்கிறது. குணமடைந்த ஓட்டுநரே தலைவரையும் குழுவினரையும் மேட்டிலிருந்து மண்டபத்துக்குப் பேருந்தில் அழைத்துவர வேண்டும். மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"சார், என்னால பிரேக் மிதிக்க முடியாது" என்றேன்.

"மிதிக்கலாம்னு சர்டிபிகேட்ல இருக்கே."

"கால்ல இல்லையே சார்."

"இதோ பாரு. சர்டிபிகேட் இல்லாம ஓட்டினா தப்பு. சர்டிபிகேட் வெச்சுக்கிட்டு ஓட்டாம இருந்தா அதுவும் தப்பு. நாளைக்கு வண்டியை எடுக்கலன்னா வேலையில இல்லன்னு வெச்சுக்கோ."

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க."

"சொன்னா வேலை போயிடும். வேற எவன் இந்தக் காலுக்கு வேலை குடுப்பான்?"

"ஓட்டினா?"

மேட்டுச் சாலை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. இரண்டு வளைவு, கீழே இறங்கினதும் சந்தைத் தெரு. கியரைக் குறைத்து எடுத்தால் முதல் வளைவு வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்கப்புறம் கால்தான். கீழே எந்நேரமும் ஜனம் நடமாடும். அந்தக் குழந்தை வண்டிப் பெண் தினமும் அந்த வழியாகத்தான் போகிறாள்.

"சரி. நானும் வரேன்" என்றாள் மனைவி. "உங்களுக்குப் பின்னாடி முதல் சீட்டுல உக்காருவேன். வண்டியை எடுக்கறதுன்னா என்னையும் சேத்து எடுங்க."

மறுநாள் வண்டிக்கு வண்ணக் காகிதமெல்லாம் ஒட்டி மையத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கீழே இருந்து அதை மேலே ஓட்டி வந்தது வேறொரு டிரைவர். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். தலைவர் இடது பக்க முன் சீட்டில். எடை அலுவலர் அம்மாள் அவருக்குப் பின்னால். டிப்போ மேலாளர் கதவோரம். நடுவே குழுவினர். அடுத்த வெற்றியாளர் என்று கடிகாரக்காரரையும் இரண்டு பேர் தாங்கி ஏற்றியிருந்தார்கள். என் மனைவி சொன்ன இடத்தில் வந்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் வெளுத்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

இன்ஜினைப் போட்டேன். பிரேக்கை மிதித்தேன். பாதியில் முட்டிக்குள் வெட்டு விழுந்த மாதிரி வலி. கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மிதித்தேன். கால் தானாக மேலே எழும்பி வந்துவிட்டது. முன்கண்ணாடி வழியாகச் சாலை நேராகக் கீழே விழுகிற மாதிரி தெரிந்தது. கைப்பிரேக்கில் மட்டும் நின்றுகொண்டிருந்தது வண்டி.

எழுந்து அவர்கள் பக்கம் திரும்பினேன். "ஐயா, எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க. என் வலது காலால இந்தப் பிரேக்கை முழுசா மிதிக்க முடியாது. இறக்கத்துல ஏதாவது ஆச்சுன்னா என்னால நிறுத்த முடியாது."

தலைவர்தான் எழுந்தார். "அடக்கம்! குணமடைந்தோரிடம் நாம் எதிர்பார்க்கும் அடக்கம்!" என்று கைதட்டினார். குழுவினரும் தட்டினார்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சரிங்க. சர்டிபிகேட்டை நம்பறவங்க உக்காருங்க, கிளம்பலாம். நம்பாதவங்க இறங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு சீட்டில் உட்கார்ந்து, கைப்பிரேக்கில் கையை வைத்தேன். கையை வைத்தேன், அவ்வளவுதான்.

முதலில் எழுந்தது எடை அலுவலர் அம்மாள். "எடைக்கருவியைப் பூட்டாம வந்துட்டேன்" என்று முனகிக்கொண்டே இறங்கினார். குழுவில் ஒருவருக்கு போன் வந்தது, மணி அடித்தது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொருவருக்கு பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றுமாம், இன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததாம். டிப்போ மேலாளர், "நான் பின்னாடி நின்னு ரைட் சொல்றேன்" என்று குதித்தார். இறக்கத்தில் போகிற வண்டிக்குப் பின்னால் நின்று எதற்கு ரைட் சொல்ல வேண்டும்? கடைசியில் தலைவர் மட்டும் மிச்சம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "தலைவன் என்பவன் மக்களோடு நடந்து வர வேண்டும்" என்று ஜன்னலிடம் சொல்லிவிட்டு, அவசரமாகப் படியிறங்கினார்.

உள்ளே மிஞ்சியது என் மனைவியும் கடிகாரக்காரரும்தான். "நீங்க இறங்கலையாண்ணே?" என்றேன். "நானா மாட்டேங்கறேன்? படி இறங்க முடியல தம்பி" என்றார்.

தலைவர் ஜன்னலோரம் வந்தார். தரையில் கால் பட்டதும் குரல் திரும்பிவிட்டது. "ஓட்டுநரே! நாங்கள் அனைவரும் இறங்கிவிட்டதால் பேருந்தின் எடை பெருமளவு குறைந்துவிட்டது. இனி அது தானாகவே நன்றாக நிற்கும். அச்சமின்றி எடுங்கள்!"

அதற்குள் மையத்திலிருந்து நோயாளிகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். என்றைக்கும் இல்லாத அதிசயமாக மேட்டின்மேல் ஒரு பஸ். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? "கீழ போகுதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே, கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து இன்னொரு காலை இழுத்து, ஒருவர் பின் ஒருவராக ஏற ஆரம்பித்தார்கள். உட்கார்ந்ததும் 'அப்பாடா' என்று ஒவ்வொருவரும் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. அந்த இறக்கத்தில் நடந்து இறங்குவது என்ன வேதனை என்று எனக்குத் தெரியாதா? ஒரு அம்மாள் தன் பேத்தியை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். வண்டி நிறைந்துவிட்டது.

"பார்த்தீர்களா, மக்களின் நம்பிக்கையை!" என்றார் தலைவர் வெளியே இருந்து.

"எடுப்பா, எடு" என்று மேலாளர் பின்பக்கத்தைத் தட்டினார். "ரைட், ரைட்!"

கண்ணாடியில் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினை நிறுத்தினேன். சாவியை உருவினேன்.

"இறங்குங்கம்மா. இந்த வண்டி போகாது."

"ஏன் போகாது? ஏறின அப்புறமா சொல்றது?" என்று அந்த அம்மாள் சண்டைக்கு வந்தாள். "எங்களை ஏத்திட்டுப் போக உனக்கு என்ன கேடு? பெரிய மனுஷங்கன்னா பல்லை இளிச்சுக்கிட்டுப் போயிருப்ப." எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். என்ன சொன்னாலும் அவர்கள் அந்த இறக்கத்தில் நடக்கத்தான் போகிறார்கள். திட்டிக்கொண்டே, முனகிக்கொண்டே, ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். நானும் மனைவியும் கடிகாரக்காரரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கி, நிழலில் உட்காரவைத்தோம்.

மேலாளர் எதிரே வந்து நின்றார். "இதுக்கு அர்த்தம் தெரியும்ல?"

"தெரியும் சார்" என்று சாவியை அவர் கையில் வைத்தேன். எத்தனையோ வருஷம் பிடித்த சாவி அது.

மனைவி தோளைக் கொடுத்தாள். பிடித்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிக்கு வலி அதிகம். ஒவ்வொரு அடிக்கும் எலும்போடு எலும்பு உரசுவது எனக்குக் காதிலேயே கேட்டது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வலியால்தான் என்று அவளிடம் சொன்னேன், அவளும் சரி என்றாள்.

முதல் வளைவைத் தாண்டவில்லை, மேலே இருந்து கைதட்டல் கேட்டது. பெரிய கைதட்டல், வண்டிக்குள் தட்டியதைப் போலத் தயங்கித் தயங்கி அல்ல. தலைவரின் குரல் மேடு முழுக்க எதிரொலித்தது.

"அதோ பாருங்கள்! நடக்கிறார்! மையத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தவர், இன்று பேருந்தே வேண்டாம் என்று நடந்தே போகிறார்! படம் எடுங்கள், படம் எடுங்கள்!"

நான் நின்றேன். திரும்பி நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது.

"திரும்பாதீங்க" என்றாள் மனைவி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "கீழே பாத்து நடங்க. விழுந்தா தூக்கறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்."